ஞாயிற்றுக்கிழமை சொன்ன பதில்

ஊசி போட்டதும் அரை மணி நேரம் உட்காரணும், எந்திரிச்சுப் போயிடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபத்தைந்து. பத்து ஐம்பத்தைந்து வரைக்கும் இந்த இரும்பு பெஞ்சுதான் எனக்கு. இரண்டு கைகளிலும் தோலுக்கடியில் கொஞ்சம் கொஞ்சம் மருந்து, ஊசி ஏறிய இடம் கொசு கடித்தது போல எழும்பி நிற்கிறது, சொறியாதே கோகிலா, சொறியாதே. ஞாயிற்றுக்கிழமை முதல் ஊசி, இன்று புதன், இரண்டாவது. எனக்கு நாய்க்கடி ஊசி, எதிர் அறையில் குழந்தைக்குத் தவணை ஊசி, ஒரே நடையில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று மாமாதான் சொன்னார். மாமா என்றால் என் வீட்டுக்காரர் பூபதி. பனியன் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதோ வராந்தாவில் சிட்டுவைத் தோளில் போட்டுக்கொண்டு தூண் வரைக்கும் போகிறார், திரும்புகிறார், மறுபடியும் தூண் வரைக்கும். சிட்டுவுக்கு மூன்றரை மாதம். தடுப்பூசி அட்டையில் இன்னும் பெயர் ஏறவில்லை, கோகிலாவின் பெண் குழந்தை என்றுதான் எழுதியிருக்கிறது. கோகிலாவின். அதைப் படிக்கும்போது மூன்று நாளாய் எனக்குக் கூச்சமாக இருக்கிறது, வேறு யாருடைய அட்டையையோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டது போல. எதிர் அறைக்குள் ஒரு குழந்தை வீறிட்டது. அவ்வளவுதான், இரண்டு மார்பும் சுருக்கென்று குத்திப் பால் இறங்கிவிட்டது. அது என் குழந்தை இல்லை. என் குழந்தை தூணுக்குப் பக்கத்தில் தூங்குகிறது. இந்த உடம்புக்கு அதெல்லாம் தெரியவில்லை, எவள் பெற்ற பிள்ளை அழுதாலும் பாலைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. உள்ளே நான்காக மடித்து வைத்த துணி நனைந்து, ஈரம் ஷாலுக்கும் வந்துவிட்டது. ஷாலை இழுத்து மூடிக்கொண்டேன். இன்றைக்குப் புதன்கிழமை, குழந்தைகளுக்கு ஊசி போடும் நாள். உள்ளே இன்னும் பன்னிரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள்.

மூன்று நாளாய் இந்தப் பால் போகிற இடம் எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கருவேப்பிலைச் செடி. தாய்ப்பாலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, கால் மிதிபடாத இடத்தில் ஊற்றணும் என்று எங்கள் பக்கம் ஒரு வழக்கம். எப்போதோ யாரோ சொல்லிக் காதில் விழுந்தது, இப்போது கை தானாக அதைச் செய்கிறது. காலை, மதியம், சாயங்காலம், டம்ளரில் பீய்ச்சிக்கொண்டு போய்ச் செடி வேரில் ஊற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன். அந்தச் செடியில் இனி இலை பறிக்காதீங்க என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. சந்தையில் கருவேப்பிலை வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டில் ஆள் உயரத்துக்குச் செடி நிற்கிறது, கருவேப்பிலையைக் கடையில் வாங்குகிற குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். சிரிக்க வேண்டிய விஷயம். ஆனால் டம்ளரை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டம்ளர் நிறைந்தது. நேற்று முக்கால். இன்று காலையில் பாதி. கல் மாதிரி இருந்த வலப் பக்கம் இன்று கொஞ்சம் தொய்ந்திருக்கிறது, வலி குறைந்துவிட்டது, வலி குறைந்ததை நினைத்துத்தான் எனக்கு அழுகை வருகிறது. குடிக்க ஆள் இல்லாத பால் எத்தனை நாளைக்கு ஊறும்? இன்னும் நான்கு நாள், ஐந்து நாள். இருபத்தெட்டாம் நாள் ஊசி முடிகிறவரைக்கும் எந்தப் பால் காத்துக்கொண்டிருக்கும்.

கடித்தது செவலை. எங்கள் சந்துக்குப் பொதுவான நாய். ஓடாமல் நிற்கும் ஒரு பழைய ஆட்டோவுக்கு அடியில் நான்கு குட்டி போட்டிருந்தது. மிச்சச் சோறு நான்தான் வைப்பேன், அதுவும் பிள்ளை பெற்றவள் என்று ஒரு பிடி அதிகமாகவே வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை காற்றில் கொடியிலிருந்து சிட்டுவின் துணி ஒன்று பறந்துபோய் அந்த ஆட்டோவுக்குக் கீழே விழுந்தது. நான் குனிந்து கையை நீட்டினேன். குட்டியைத்தான் எடுக்க வருகிறேன் என்று அது நினைத்திருக்கும். குரைக்கவே இல்லை, கெண்டைக்காலில் ஒரே கவ்வு, விட்டுவிட்டது. விட்ட பிறகு அது முழித்த முழி இருக்கிறதே, சோறு வைக்கிறவளைக் கடித்துவிட்டோமே என்று அதற்கே தெரிந்துவிட்டது. எனக்கு அதன் மேல் கோபம் வரவில்லை. இன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதும் பார்த்தேன். ஆட்டோவுக்கடியில் காலை நீட்டிப் படுத்திருந்தது, நான்கும் முட்டி மோதிக் குடித்துக்கொண்டிருந்தன, என்னைப் பார்த்து வாலை இரண்டு தட்டு தட்டியது. சோறு தின்கிறது, தண்ணீர் குடிக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது. பத்து நாள் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், மூன்று நாள் ஆகிவிட்டது. கடித்தவள் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கிறாள், கடிபட்டவள் செடிக்கு ஊற்றுகிறாள். எனக்கு அதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. ஒரு நாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டு வாடகை ஆட்டோவில் ஏறினேன்.

பெஞ்சின் அந்தக் கோடியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். முறுக்குக் கம்பெனி வேன் ஓட்டுகிறாராம், அவருக்கும் நாய்தான், முழங்கைக்குக் கீழே. உட்கார்ந்ததும் உட்காராததுமாய் ஊசி அறைப் பக்கம் எட்டிப் பார்த்துக் கத்தினார். "ஏனுங் சிஸ்டர், எனக்குச் சக்கர இருக்குதுங்க, சொல்ல மறந்துட்டனுங்க. ஒண்ணும் ஆயிராதுங்களே?" உள்ளே இருந்து, "ஆகாதுங்க, சர்க்கரைக்காரங்களும் போடணும்" என்று பதில் வந்தது. "கறி சாப்புடலாங்களா?" "சாப்புடுங்க." "கத்திரிக்கா, கருவாடு?" "எல்லாம் சாப்புடுங்க, பத்தியம் ஒண்ணும் கெடையாது." அவர் அதோடு விடவில்லை. "அப்பறம், ஞாயித்துக்கெழம ஒரு விசேசம் இருக்குதுங்க. கொஞ்சமா... சரக்கு?" வராந்தாவே சிரித்தது. "அதை விட்டுருங்க. அதை நாய் கடிக்கறதுக்கு முன்னாலயே விட்டிருக்கணும்" என்றார்கள். அவரும் சிரித்தார், என்னைப் பார்த்து, "கேட்டுப் பாக்கறதுல என்ன அம்மிணி போகுது" என்றார். என்ன போகிறது. அவருக்கு ஒன்றும் போகவில்லை. நான்கு கேள்வி, நான்கு பதில், வாங்கிக்கொண்டு காலை ஆட்டியபடி உட்கார்ந்திருக்கிறார். எனக்கு இருப்பது ஒரே கேள்வி. நாய்க்கடி ஊசி போட்டவள் பால் கொடுக்கலாமா? இவ்வளவுதான். இதைக் கேட்க முடியாமல் மூன்று நாளாய் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கேட்க முடியாததற்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் பணியில் இருந்த சிஸ்டர், சட்டையில் ஜெசிந்தா என்று பெயர் குத்தியிருந்தார், கண்ணாடி போட்டவர், சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார். "சுகர், பிரஷர்? அலர்ஜி ஏதும் உண்டா? பால் குடுக்கறியா?" கடைசிக் கேள்வி காதில் விழுந்ததும் நான் மேசையில் இருந்த மருந்தைத்தான் பார்த்தேன். ஏனென்றால் அந்தக் கேள்வி என்னுடையது. பிளஸ் டூ முடித்ததிலிருந்து கல்யாணத்துக்குப் பிறகும், சிட்டு வயிற்றில் ஏழு மாதம் ஆகும்வரை, மெடிக்கல் ஷாப்பில் நின்று நான் கேட்ட கேள்வி அது. எங்கள் ஓனர் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். பொம்பளைங்க வந்தா ரெண்டு கேள்வி கேளு, முழுகாம இருக்கீங்களா, பால் குடுக்கறீங்களா, ஆமான்னா மருந்தை உள்ள வெச்சிரு, டாக்டர் சீட்டோட வரச் சொல்லு, நமக்கு எதுக்கு வம்பு. அவர் சொன்னதில் தப்பில்லை, மருந்துக்குப் படிக்காதவள் படிக்காதவளாக இருப்பது நல்லதுதான். ஆனால் வருஷக்கணக்காக அதையே செய்ததில் என் தலைக்குள் ஒன்று உறைந்துவிட்டது. பால் கொடுக்கிறேன் என்று ஒருத்தி சொன்னால் நீட்டிய மருந்து திரும்பிப் போகும். அதுதான் எனக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது, மருந்து மேசையில் இருந்தது, ஆமாம் என்றால் அது உள்ளே போய்விடும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்பார்கள், அதற்குள் எனக்கு என்னென்னவோ ஆகிவிடும், சிட்டுவுக்கு அம்மா இருக்கமாட்டாள். எல்லாம் ஒரு நொடியில் ஓடியது. "இல்லைங்க, நிறுத்தியாச்சு" என்றேன். சிஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டார். மாமா வெளியே சிட்டுவோடு நின்றார், அவருக்குக் கேட்கவில்லை. காயத்தைச் சுற்றி ஊசி, கையில் ஊசி, எல்லாம் போட்டார்கள். வாங்கக் கூடாத மருந்தைப் பொய் சொல்லி வாங்கிவிட்டோம் என்றால், வாங்கியவள் அந்தப் பொய்யை உண்மையாக்க வேண்டாமா? வெளியே வந்ததும் மாமாவிடம், இனி பாப்பாவுக்குப் புட்டிதான், பால் மாவு வாங்குங்க என்றேன். "நீ மெடிக்கல்காரி, உனக்குத் தெரியாததா" என்றார். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் நான் அழுதிருப்பேன், அழுதிருந்தால் உண்மை வந்திருக்கும். என்னை நம்புகிறவரைக் கட்டிக்கொண்டதில் இப்படியும் ஒரு சங்கடம் இருக்கிறது.

பத்து முப்பத்தெட்டு. எதிர் அறைக் கதவு பாதி திறந்திருக்கிறது, கேள்விகளெல்லாம் இங்கே வரைக்கும் கேட்கின்றன. ஒருத்தி, "மூக்கு ஒழுகுதுங்க, சளி இருந்தாப் போடலாமுங்களா?" போடலாம், காய்ச்சல் அதிகமா இருந்தாத்தான் யோசிக்கணும். இன்னொருத்தி, "போன தவணை ஊருக்குப் போயிட்டனுங்க, மறுபடி மொதல்ல இருந்து போடணுமா?" வேண்டாம், விட்ட எடத்துல இருந்து போட்டாப் போதும். "ஒரே நாள்ல இத்தனையா, பச்சப் புள்ளைங்க." தாங்கும்மா, நீதான் தாங்கமாட்டேங்கற. எந்தக் கேள்விக்கும் அந்தக் குரல் சலித்துக்கொள்ளவில்லை. அந்தக் குரலை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக் குரல். ஜெசிந்தா சிஸ்டருக்கு இன்றைக்குக் குழந்தைகள் அறையில் வேலை. கடவுளே, இத்தனை பேர் இருக்கிற ஆஸ்பத்திரியில் இவர்தானா? உள்ளே போனதும் என்னைப் பார்ப்பார், மடியில் மூன்றரை மாதக் குழந்தையைப் பார்ப்பார், மார்பில் ஈரத்தைப் பார்ப்பார், நிறுத்தியாச்சுன்னு சொன்னவ நீதானே என்பார். மாமா பக்கத்திலேயே நிற்பார். பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன். குடிக்கும்போதே தண்ணீரை உற்றுப் பார்த்தேன். தண்ணீரைப் பார்த்தால் பயமாக இருக்கிறதா? இல்லை. நிஜமாகவே இல்லையா? இல்லை. நாய்க்கடி நோய் கண்டால் தண்ணீரைப் பார்த்தாலே பயம் வருமாம், மூன்று நாளாய் இதுதான் என் சோதனை, தாகம் இல்லாதபோதும் குடித்துப் பார்ப்பது. வேன்காரர் என் பாட்டிலையே பார்த்தார், தனக்கும் ஒரு மடக்குக் கேட்டார், குடித்துவிட்டு, "எறங்குதுங்க" என்றார் நிம்மதியாக. அப்போதுதான் தெரிந்தது, அவரும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

இன்னொரு குழந்தை வீறிட்டது, மறுபடியும் பால் இறங்கியது, இந்தத் தடவை கொஞ்சமாகத்தான். கொஞ்சமாக என்றதும் குடைக்கார அக்கா நினைப்பில் வந்துவிட்டார். வரவேண்டாம் என்று எத்தனை தடவை தள்ளினாலும் வருகிறார். பெயர் தெரியாது எனக்கு, ரோஸ் நிறக் குடை, வெயிலானாலும் மழையானாலும் அதைக் கதவு ஓரத்தில் சாய்த்துவிட்டுத்தான் மெடிக்கல் கவுண்டருக்கு வருவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காய்ச்சலோடு வந்து பாரசிட்டமால் கேட்டார். பால் குடுக்கறீங்களா என்று கேட்டேன். ஆமாங்க, ரெண்டு மாசப் புள்ள என்றார். ஓனர் சொன்ன மாதிரி டாக்டரைப் பார்த்துவிட்டு வாங்க என்று மட்டும் சொல்லியிருந்தால் போயிருப்பார், டாக்டர் ஏதாவது சரியாகச் சொல்லியிருப்பார். ஆனால் அன்றைக்கு ஓனர் கடையில் இல்லை, எனக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "ரெண்டு மூணு நாளைக்குப் பால் குடுக்காதீங்க அக்கா" என்றேன். எங்கே படித்தேன்? எங்கேயும் இல்லை. என் வாய்க்கு வந்தது, சேஃப்டிக்கு. அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். பத்துப் பதினைந்து நாள் கழித்து வந்து பால் மாவு டப்பா கேட்டார். காய்ச்சலும் விடவில்லையாம், மார் கட்டிக்கொண்டு ஒரே வலியாம், பிள்ளையும் மறுபடி வாய் வைக்கவில்லையாம், அப்படியே வற்றிவிட்டதாம். அதற்குப் பிறகு டப்பா தீரத் தீர வருவார், நான்தான் எடுத்துக் கொடுப்பேன். ஒரு தடவைகூட என்னைக் குறை சொல்லவில்லை. "நீங்க நல்ல நேரத்துல சொன்னீங்க கண்ணு, இல்லாட்டிப் புள்ளைக்கு மருந்து போயிருக்கும்" என்று நன்றி சொன்னார். நன்றி! அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை யாரிடம் சொல்வேன். இன்றைக்கு இங்கே உட்கார்ந்து ஈரத்தை மூடிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த அக்காவின் உடம்புக்குள் என்ன நடந்தது என்று எனக்கு உறைக்கிறது.

ஆனால் இது மட்டும் இல்லை. கேள்வி வெளியே வராமல் இருப்பதற்கு இதற்கெல்லாம் கீழே ஒன்று இருக்கிறது, அதன் பக்கம் போனாலே மனசு வேறு எங்காவது ஓடுகிறது, கடிகாரத்துக்கு, மின்விசிறிக்கு, வேன்காரரின் செருப்புக்கு. சரி, ஒரு தடவையாவது முழுசாக நினைத்துவிடுகிறேன். நாய் கடித்ததும் குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் காலை வெகுநேரம் கழுவினேன். மாமா வண்டி கொண்டுவரப் போனார். அப்போது சிட்டு பசியில் கத்தினாள். கால் எரிந்துகொண்டிருந்தது, யோசிக்கவே இல்லை, எடுத்து மடியில் போட்டுக் கொடுத்துவிட்டேன். கடித்ததற்குப் பிறகு, ஊசிக்கு முன்னால், ஒரு தடவை. வயிறு நிறையக் குடித்தாள். மாமாவுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. எனக்குள் போனது ஏதாவது இருந்தால் அது அவளுக்குள்ளும் போயிருக்கும், எனக்காவது ஊசி இருக்கிறது, அவளுக்கு என்ன இருக்கிறது? திங்கட்கிழமை மாமா புட்டியை வாயில் வைத்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தலையை இரண்டு பக்கமும் ஆட்டிக் கத்தினாள், வாயோரம் பால் வழிந்தது. குடிக்க மாட்டேன் என்கிறாளே, தண்ணீரைக் கண்டு பயமா, அதுவா இது? அடுப்படிக்கு ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா அசரவில்லை, ரப்பரைச் சூடு செய்தார், பாட்டு மாதிரி என்னவோ முனகினார், கால் மணி நேரத்தில் பாதிப் புட்டி குடிக்க வைத்துவிட்டார். அவருக்கு அதில் எவ்வளவு பெருமை. நான் கேள்வியைக் கேட்டால் இரண்டில் ஒரு பதில்தான் வரும். கூடாது என்றால் என் குழந்தைக்கு ஆபத்தை நானே ஊட்டிவிட்டேன். கூடும் என்றால் மூன்று நாளாய் அவளை வீணாக ஏங்கவிட்டுப் பாலைச் செடிக்கு ஊற்றினேன், அந்த அக்காவின் பாலையும் நான்தான் ஊற்றினேன். எந்தப் பதிலும் எனக்கு நல்ல பதில் இல்லை. கேட்காமல் இருந்தால் இரண்டும் இல்லாமல் இப்படியே இருக்கலாம். ஆனால் இப்படியே இருந்தால் டம்ளர் வற்றிவிடும். அவள் வாய் மறந்துவிடும். இன்றைக்கு விட்டால் அடுத்த ஊசி ஞாயிற்றுக்கிழமை, அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

பத்து ஐம்பத்திரண்டு. "கோகிலா குழந்தை!" என்று கூப்பிட்டார்கள். இன்னும் மூன்று நிமிஷம் இருக்கிறதே என்று முட்டாள்தனமாகக் கடிகாரத்தைப் பார்த்தேன். மாமா சிட்டுவோடு வந்துவிட்டார், பையில் புட்டி ஆடுகிறது. கால் கட்டு இழுக்க இழுக்க எதிர் அறைக்குள் போனேன். ஜெசிந்தா சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "அட்டை எங்கம்மா?" என்றார். அவ்வளவுதான். அவருக்கு என்னை ஞாபகமே இல்லை. மூன்று நாளாய் நான் யாருக்குப் பயந்துகொண்டிருந்தேனோ அவருக்கு என் முகமே தெரியவில்லை, ஒரு நாளைக்கு எத்தனை முகம் பார்க்கிறவர். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அது நிம்மதியாக இருக்கவேண்டியது, ஆனால் இல்லை. சிட்டுவை என் மடியில் வைத்துக் காலைப் பிடிக்கச் சொன்னார். முதலில் வாயில் சொட்டு மருந்து, சப்புக்கொட்டினாள், சிரிக்கக்கூடச் செய்தாள். பிறகு வலது தொடை. ஒரு நொடி ஒன்றும் இல்லை, என்னை நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு முகம் சிவந்து வாய் சதுரமாகத் திறந்து வீறிட்டாள். இடது தொடை. கை. எத்தனை குழந்தைகளின் அழுகைக்கு ஓடிய உடம்பு இது, இப்போது சொந்தக் குழந்தையே மடியில் கத்துகிறது, ஷால், சட்டை, எல்லாம் நனைந்து அவள் காலில் சொட்டியது. சிஸ்டர் பஞ்சை அழுத்திக்கொண்டே, "என்னம்மா பாத்துட்டு இருக்க, பாலக் குடு, உடனே அமந்துரும்" என்றார். மாமா அவசரமாகப் பைக்குள் கையை விட்டுப் புட்டியை எடுத்தார். "புட்டி எதுக்கு, அதான் வழியுதே" என்றார் சிஸ்டர்.

"நான் பொய் சொல்லிட்டனுங்க" என்றேன். குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, சிட்டுவின் கத்தலுக்கு மேலே வந்தது. "ஞாயித்துக்கெழம எனக்கு நாய்க்கடி ஊசி போட்டீங்க. பால் குடுக்கறியான்னு கேட்டீங்க. இல்லன்னு சொன்னனுங்க. ஆமான்னா ஊசி போடமாட்டீங்கன்னு நெனச்சிட்டேன். அதனால மூணு நாளாக் குடுக்கல. அதுக்கு முன்னால, கடிச்சதுக்கப்பறம், ஒருக்கா குடுத்துட்டனுங்க. அவளுக்கு ஏதாச்சும் ஆயிருமா சிஸ்டர்?" புட்டியைப் பிடித்த மாமாவின் கை அப்படியே நின்றது. நான் அவரைப் பார்க்கவில்லை. சிஸ்டர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார், திட்டப்போகிறார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். "ஒண்ணும் ஆகாது" என்றார். "பால் வழியாப் புள்ளைக்கு அது வராது. ஊசி போட்டவங்களும் தாராளமாப் பால் குடுக்கலாம். மாசமா இருக்கறவங்களுக்கே இந்த ஊசி போடறோம். நீ ஆமான்னு சொல்லியிருந்தா, பாலை நிறுத்தாதேன்னு ஒரு வார்த்த சேத்துச் சொல்லியிருப்பேன், அதுக்குத்தாம்மா கேக்கறது." அதுக்குத்தான் கேட்கிறது. நான் கேள்வி கேட்டது மருந்தை உள்ளே வைக்க, இவர் கேட்டது ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல. மூன்று நாள். கருவேப்பிலைச் செடி. எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. "அழுவாத, அப்பறமா அழுவு, மொதல்ல புள்ளையப் பாரு" என்று சிஸ்டர் திரைச்சீலையை இழுத்துவிட்டார்.

சட்டை ஜிப்பை மாமாதான் திறந்துவிட்டார். சிட்டு வாயை வைத்தாள், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறந்துவிட்டாள். நான் தாமதமாகக் கேட்டுவிட்டேன். மறுபடியும் வைத்தேன், தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள், ரப்பரைத் தேடுகிறாள், பால் அவள் மூக்கிலும் கன்னத்திலும் தெறித்தது. மாமா அவள் தலைக்கு அடியில் கையைக் கொடுத்து, புட்டி கொடுக்கும்போது முனகுவாரே, அதே பாட்டை முனகினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "என்ர கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல" என்றார், பாட்டுக்கு நடுவில், அதே ராகத்தில். தெறித்த பாலை நாக்கை நீட்டி நக்கினாள் சிட்டு, அழுகையை நிறுத்தி யோசித்தாள், விசும்பினாள், பிறகு கவ்விக்கொண்டாள். வலித்தது. எவ்வளவு வலித்தது! அந்த வலிக்கு என்ன கொடுத்தாலும் தகும். அவள் தொண்டை ஏறி இறங்குவதை நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் சிஸ்டர் அட்டையில் எழுதிக்கொண்டே கேட்டார். "பால் குடுக்கறியா?" பதிவுக்காகக் கேட்கிறார், ஞாயிற்றுக்கிழமை கேட்ட அதே குரலில். "குடுக்கறனுங்க" என்றேன். பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. "ராத்திரி புள்ளைக்குக் காய்ச்சல் வந்தாப் பயந்துராத, சொட்டு மருந்து தர்றேன். உனக்கும் கை வலிச்சா, உடம்பு சுட்டா, ஒரு பாரசிட்டமால் போட்டுக்க." நான் சிட்டுவின் தலையைத் தடவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினேன். "பால் குடுக்கறவங்க அதப் போடலாங்களா?" என்று கேட்டேன். "போடலாம். அதுக்காகப் பால ஒரு வேளகூட நிறுத்த வேண்டியதில்ல. ஏன், இப்பவே காய்ச்சலா இருக்கா?" திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்.

"எனக்கு இல்லைங்க" என்றேன். "ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு அக்காவுக்கு இருந்துச்சுங்க."